சானமாவுக் காட்டுக்கு மேலே நான் பார்த்தது

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நான் வேலை செய்யும் ரோஜாப் பண்ணையில் பூ கட்ட வந்த பழைய பேப்பரில், செவ்வாயில் தண்ணீர் தேடுகிறார்கள் என்று ஒருநாள் படித்தேன். வெளியே எங்காவது உயிர் இருக்குமா என்ற எண்ணம் அன்று ஒட்டிக்கொண்டது. கூச்சக்காரி, யாரிடமும் பேசமாட்டேன். ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் நான் பார்த்தது, வலது பக்கம் பிறர் சொன்னது. இரண்டையும் கலக்கவே மாட்டேன்.

போன ராகி அறுப்பின்போது, பொழுது சாயும் நேரத்தில் காட்டுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாக ஒரு வெளிச்சம் அசையாமல் நின்றது. இடது பக்கம் எழுதினேன். மறுநாள் வனக்காவலரிடம் கேட்டேன்.

"ட்ரோன் ஆயா. ஆனைங்க எந்தப் பக்கம் இறங்குதுன்னு பாக்க விடறோம்."

அதை வலது பக்கம் எழுதினேன்.

என் மருமகள் நோட்டைப் பற்றிப் பெருமையாக யாரிடமோ சொல்லப்போக, யூடியூப் சேனல்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். சேலையில் மைக்கைக் குத்தினார். "வெக்கப்படாதீங்கம்மா, சும்மா பேசுங்க." வியர்த்துக் கொட்ட நான் சொன்னது இவ்வளவுதான்: "வெளிய எங்கியாச்சும் உயிர் இருக்கும்னு நெனைக்கறேன். இங்க வந்ததா யாரும் காட்டல. வெளிச்சத்தப் பாத்தேன். அது ட்ரோனாம்."

வீடியோவில் முதல் பேச்சும் மூன்றாவது பேச்சும்தான் இருந்தன. நடுவிலும் கடைசியிலும் இருந்ததை வெட்டிவிட்டார். என் தலைக்கு மேலே பெரிய கண்ணோடு பச்சை முகம் ஒன்று. என் சொல்லையே மென்று என் முகத்தில் துப்பியதுபோல் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் வனக்காவலர் வாசலில் வந்து நின்றார். "ஆயா, உங்க வீடியோவப் பாத்துட்டு காட்டு ஓரத்துல ஜனம் நிக்குது. ஆனைங்க பக்கத்துலதான் இருக்குது. நான் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

நோட்டை எடுத்துக்கொண்டு மருமகளோடு போனேன். அறுத்துப் போட்ட ராகித் தாளை மிதித்துக்கொண்டு பைக்குகள். பிரியாணிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், எச்சில். வானத்தைப் பார்க்க வந்தவர்கள் தரையை வைத்திருந்த லட்சணம்! சேனல்காரரும் அங்கேதான் இருந்தார். மேலே அதே சிவப்பும் பச்சையும் நின்றன.

"அது ட்ரோனு. ஆனை நிக்குது, போயிடுங்க," என்றேன். குரல் முன்னால் நின்றவர்களைத் தாண்டவில்லை.

"ஆயாவ மெரட்டிட்டாங்கடா!" என்றான் ஒருவன்.

"ஏலியனுக்கு மூக்கு இருந்துச்சா ஆயா?" என்றான் இன்னொருவன். சிரிப்பு.

"இதையும் போட்டுடலாம்மா. பாட்டியின் வாயை அடைத்தது யாருன்னு தலைப்பு," என்றார் சேனல்காரர்.

வனக்காவலரிடம் திரும்பி, "அதக் கீழ எறக்குங்க. இவங்க கண்ணு முன்னால," என்றேன். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

சிவப்பும் பச்சையும் மெல்ல இறங்கி என் காலடியில் உட்கார்ந்தன. முறம் அளவுகூட இல்லை. "சே, இதுக்கா பாகலூர்ல இருந்து வந்தோம்?" என்று ஒருவன் வண்டியை உதைத்தான். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். குப்பையை யாரும் எடுக்கவில்லை.

"இப்ப வீடியோ எடுங்க சார்," என்றாள் மருமகள்.

சேனல்காரர் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இடது பக்கத்தில் எழுதினேன்: ட்ரோன் இறங்கியது. சேனல்காரர் கேமராவை அணைத்தார்.