சப்னாவின் பல்லைத் தின்ற மான்

1. கழிவு வாளி

பாடசாலைப் பற்சிகிச்சை வேலைக்குப் புதிதாக வரும் தங்கச்சிமாருக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஊசிக்குப் பயப்படுவது உண்மைதான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவர்களுக்கு இருக்கிறது. எந்த ட்ரெய்னிங்கிலும் அதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு பள்ளிக்கூட வளவுக்குள் எங்களுடைய நிலையம். ஒரு டென்டல் செயர், ஒரு ஸ்டெரிலைசர், பிள்ளைகள் ‘குர்ர் மிஷின்’ என்று சொல்லும் ட்ரில், நான், உதவியாளர் மாலினி. தமிழ், முஸ்லிம், சிங்களப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலிருந்தும் பிள்ளைகள் எங்களிடம்தான் வருவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு பையனின் ஆடிக்கொண்டிருந்த பாற்பல்லைக் கழற்றினேன். அவன் அழவேயில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பல்லைத் தூக்கிக் கழிவு வாளிக்குள் போட்டேன். பையன் கூரை கிழியக் கத்தத் தொடங்கினான்.

“ஐயோ, என்ர பல்லைத் தாங்கோ! சாணிக்குள்ள வைச்சுக் கூரைக்கு மேல எறிய வேணும்! இல்லாட்டி முளைக்காது!”

வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் வரிசையே இல்லை. அன்றைக்கே எனக்குப் ‘பல்லுக் கள்ளி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைக் கழுவித் துடைக்க எனக்கு ஒரு பள்ளிக்கூடத் தவணை முழுக்கச் சென்றது.

அதற்குப் பிறகு, கழற்றும் பல்லைக் கழுவி, மருந்துக் குளிசை போடும் சின்னக் கடதாசி உறைக்குள் வைத்து, பெயர் எழுதிக் கையில் கொடுக்கத் தொடங்கினேன். பல் எங்கே போகப்போகிறது என்றும் கேட்பேன். கப்பல்துறைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சாணியும் கூரையும். சிங்களப் பிள்ளைகளுக்கும் கூரைதான், ஆனால் அங்கே ‘லேனா’, அதாவது அணில், வந்து பழைய பல்லை எடுத்துக்கொண்டு புதுப்பல் தரவேண்டும். கிண்ணியாவிலிருந்து வருகிற முஸ்லிம் பிள்ளைகளில் பலர் மண்ணுக்குள் புதைப்பார்கள். அன்புவழிபுரத்துச் சின்னப் பெட்டை ஒருத்திக்கோ கனடாவிலிருக்கும் சித்தி வீடியோ கோலில் வேறு வழி சொல்லியிருந்தாள். தலையணைக்குக் கீழே வைத்தால் தேவதை வந்து சொக்லேட் வைக்குமாம்.

“வந்ததோ?” என்று கேட்டேன்.

“ஓம் மிஸ். அப்பான்ர சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தது.”

2. மான்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னர் சப்னா வந்தாள். கிண்ணியாப் பிள்ளை, வயது ஏழு. கடைவாய்ப் பாற்பல் ஒன்று சீழ் பிடித்து, கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. “ரெண்டு நாளாச் சோறு தின்னல்ல மிஸ், ஒரே அழுகை,” என்றார் அவளைக் கூட்டிவந்த உம்மா. அந்தப் பல்லை அன்றே எடுக்காவிட்டால் பிள்ளை காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும். உம்மாவை வெளியே மர வாங்கில் இருக்கச் சொன்னேன்.

சப்னா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு அரை அங்குலம் திறந்து, “என்ட பல்ல எனக்குத் தருவீங்களா? மண்ணுக்குள்ள வைக்கணும்,” என்றாள்.

“சத்தியமாத் தருவன் மகள்.”

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. லேசானதை முதலில் செய்து காட்டிப் பயம் தெளிய வைப்பது. அவளுக்குக் கீழ் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. துணியால் பிடித்து ஒரு திருப்பு, வந்துவிட்டது. சப்னா சிரித்தாள். நான் பல்லை உறைக்குள் போட்டு, பெயர் எழுதி, யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கடைவாய்க்கு ஊசி தயாரிக்கத் திரும்பினேன்.

‘சரக்’ என்று ஒரு சத்தம். எங்கள் ஊர் மான்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஆடுமாடு மாதிரி ரோட்டில் திரியும், கடதாசி கண்டால் விடாது. ஒரு மான் தலையை உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது. உறை பாதி வெளியே, பாதி வாய்க்குள்.

மாலினி கூட்டுகிற தும்புத்தடியோடு பாய்ந்தாள். பதற்றத்தில், நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்வதையே மானுக்கும் சொன்னாள்.

“துப்பு! துப்பு! நல்லாத் துப்பு!”

மான் எங்களைப் பார்த்து நிதானமாக மென்று விழுங்கிவிட்டுப் போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

வாசலில் வரிசையில் நின்ற இரண்டு பையன்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். கப்பல்துறைக் கஜன், பக்கத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்து நுவன்.

“மிஸ், லேனா இல்ல, மான் எடுத்தது,” என்றான் நுவன். “இப்ப மான் பல்லு வரும்.”

“பல்லில்லையடா, கொம்பு வரும்!” என்றான் கஜன்.

சப்னா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு செயரிலிருந்து குதித்து மேசைக்குக் கீழே போய்விட்டாள். “எனக்குக் கொம்பு வாணாம்!”

நுவன் கொஞ்சம் யோசித்து ஆறுதல் சொன்னான். “பயம் வேணாம். பொம்பிளை மானுக்குக் கொம்பு இல்ல.” அது எடுபடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து வயிறு நோகிறது, அதே நேரம் அந்தக் கன்னத்தைப் பார்க்க அழுகையும் வருகிறது. மாலினி என் காதில், “மிஸ், பிள்ளையளுக்குக் காட்டுற மாதிரிப் பல்லுப் போத்தலுக்குள்ள இருந்து ஒண்டை எடுத்துக் குடுத்து, மான் துப்பிட்டுது எண்டு சொல்லுவமா?” என்றாள். நானும் போத்தலைத் திறந்துவிட்டேன். சத்தியம் செய்த வாய் அடுத்த நிமிடமே பொய் சொல்வதோ என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. மூடிவிட்டேன்.

முழங்கால் கடகடவென்று சத்தம் போட, நானும் மேசைக்குக் கீழே நுழைந்தேன்.

“பிழை என்னிலதான் மகள். பல்லைக் கவனமா வைக்கேல்ல. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒருக்கா வாயைத் திறவுங்கோ, ஒண்டு காட்டுறன்.”

ஒரு கையில் முகக் கண்ணாடி, மற்றக் கையில் வாய்க்குள் வைக்கும் சின்னக் கண்ணாடி. விழுந்த பல்லுக்குப் பின்னால் பல் முரசைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு விளிம்பு.

“புதுப்பல்லு. மான் தின்ன முதலே வந்திட்டுது.”

சப்னா நெடுநேரம் பார்த்தாள். கஜனும் நுவனும் மேசைக்குக் கீழே தலையை விட்டு, “எனக்கும் காட்டுங்க, எனக்கும்!” என்று இடித்துக்கொண்டார்கள்.

“வீங்கின பல்லுக்கும் வந்திட்டா?” என்று அவள் கேட்டாள்.

‘ஓம்’ என்று சொன்னால் வேலை முடிந்துவிடும். “இல்லை மகள். அதுக்கு இன்னும் மூண்டு நாலு வருசம் செல்லும். ஆனா வரும்,” என்றேன்.

அவள் என் முகத்தை அளந்து பார்த்தாள். “அப்ப இந்தப் பல்ல நீங்க வைக்க வாணாம். நானே வச்சிக்கிறன்.”

செயரில் தானாகவே ஏறி வாயை அகலத் திறந்தாள். ஊசிக்குக் கண்ணில் நீர் வந்தது, கையைத் தட்டிவிடவில்லை. சீழோடு பல் வந்தது. கழுவி அவள் உள்ளங்கையில் வைத்ததும் விரல்கள் பொத்திக்கொண்டன. அன்று எனக்கு வந்த சந்தோசத்தில் மாலினியைக் கட்டிப்பிடித்தே விட்டேன்.

தங்கச்சிமாரே, பிள்ளையின் பயத்தைப் பார்த்து உள்ளுக்குள் எவ்வளவும் சிரியுங்கள். ஆனால் அதைச் சமாளிக்கப் பொய் சொல்லாதீர்கள். அவர்கள் எங்களைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள், பாஸா ஃபெயிலா என்று மற்றப் பிள்ளைகளுக்கும் அறிவித்துவிடுவார்கள்.

என்னுடைய ரிசல்ட் அன்றே வாசலில் வந்தது. சப்னாவுக்கு அடுத்து கஜனின் முறை. கொம்பு என்று கத்திய வீரன் கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றான். வெளியே போன சப்னா அவனைப் பார்த்து நின்றாள். ஒரு கைக்குள் பல், மற்றக் கை உம்மாவிடம், உதடு விறைத்துப்போய்ப் பேச்சு கொழகொழவென்று வந்தது.

“போ. மிஸ் நல்லம். பொய் சொல்லமாட்டா. ஆனா வாயத் திறக்க முதல் யன்னலப் பூட்டச் சொல்லு.”

நான் எழுந்து போய் யன்னலைப் பூட்டினேன். கொக்கியும் போட்டதைப் பார்த்த பிறகுதான் கஜன் செயரில் ஏறினான்.