கட்டுமரத்துக்கு மரம் தேடி ஜவ்வாது மலைக்கு

ஜவ்வாது மலையில் அருவி எங்கே, எந்த மாதம் போகலாம் என்று கேட்டு எழுதுகிறீர்கள். எல்லாம் சொல்கிறேன். ஆனால் நான் முதன்முதலில் அந்த மலைக்குப் போனது அருவி பார்க்க அல்ல, மரம் கேட்டு. எழுபதுகளின் கடைசி, மாசி மாதம். அப்போது போளூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ்.

அதற்கு மூன்று மாதம் முன்னால் அடித்த புயலில், மரக்காணம் பக்கம் இருக்கும் எங்கள் குப்பத்தில் ஒரு கூரை மிஞ்சவில்லை. ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் பிழைத்துக்கொண்டார்கள். கரையில் கிடந்த கட்டுமரங்களைக் கடல் வாரிக்கொண்டு போய்விட்டது. என் அண்ணன் சேகருடையதும் போயிற்று. புதிதாகக் கட்டலாம் என்றால் குப்பம் குப்பமாக எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மரம் வேண்டியிருந்தது. அண்ணன் என் வீட்டில் வந்து உட்கார்ந்தான். வாணியம்பாடியில் தோல் பதனிடும் இடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், அடுத்த வாரம் சேரப் போவதாகவும் சொன்னான். புயலுக்குப் பிறகு அவன் தண்ணீரில் கால் நனைக்கவே இல்லை என்று அண்ணி சொல்லியிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உடைந்த காலுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரிக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெள்ளையன் வந்தார். மலைமேல் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் சாமை விதைக்கிறவர். எங்கள் குப்பத்தை அடித்த அதே புயல் கரையேறி மலைக்கும் போய், அவர் கொல்லையில் நின்ற மலைவேம்பை அவர் காலின்மேல் சாய்த்திருந்தது. மலைவேம்பு என்றதும் காதைத் தீட்டிக்கொண்டேன். லேசான மரம், கட்டுமரத்துக்கு எங்கள் ஆட்கள் தேடி அலைவது அதைத்தான். அண்ணனின் கட்டுமரம் போன கதையை அவரிடம் சொன்னேன்.

“என் கால ஒட்ச்ச மரம் எனக்கு இன்னாத்துக்கு நர்சம்மா? உங்க அண்ணன இட்டுக்கினு வாங்க” என்றார்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் நாற்பது கிலோமீட்டர் போல. அன்று எங்களுக்கு வாய்த்தது புளி ஏற்றப் போகும் லாரி, ஆளுக்கு இரண்டு ரூபாய். ஓட்டியவர் பாஷா பாய், வாணியம்பாடிக்காரர். அண்ணன் சேரப்போகும் இடத்து மேஸ்திரியை அவருக்கு நன்றாகத் தெரியும். வழியெல்லாம் அந்த வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்த அண்ணன், மலை வளைவுகள் ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டான். அலையிலேயே வளர்ந்தவன், நான்காவது வளைவில் லாரியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தான். பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு புளியங்காயை உடைத்துக் கொடுத்தார். நான் அடக்கவில்லை.

ஜமுனாமரத்தூரில் இறங்கி ஐந்து கிலோமீட்டர் நடை. வெள்ளையன் வீட்டில் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். அந்தப் புயல் மழையில்தான் ஏரி நிரம்பியது, இந்த வருடம் நெல்லே நட்டுவிட்டோம், அப்படி ஒரு மழை இனி வருமா என்று வெள்ளையன் பூரித்துப் போனார். அண்ணன் கை சோற்றில் அப்படியே நின்றது. எனக்கும் சுருக்கென்றது. வெள்ளையனின் மனைவி காளியம்மா கவனித்துவிட்டார். பேச்சை மாற்றி, இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

சாப்பிட்டதும் மரத்தைக் காட்டினார்கள். நாலு மரம், கரேலென்று. மலைவேம்பு இல்லை.

“மலவேம்பு சோதா மரம் தம்பி. கடலுக்குப் போறவனுக்கு அத்தக் குடுக்கலாமா? இது ஆச்சா. வூட்டு உத்தரத்துக்குன்னு வெச்சிருந்தேன். இரும்புதான்” என்றார் வெள்ளையன்.

அதுதான் பிரச்சினை. தன் வீட்டு உத்தரத்தையே தூக்கிக் கொடுக்கும் மனிதரிடம் அண்ணன் எப்படி வேண்டாம் என்பான்? தண்ணீரில் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம் என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். ஊரே சேர்ந்து ஒரு மரத்தை ஏரிக்கு உருட்டிக்கொண்டு போயிற்று. கரையிலிருந்து தள்ளினார்கள். குபுக்கென்று நாலு குமிழி வந்தது, மரம் வரவில்லை. பிறகு காளியம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவ்வளவுதான், ஏரிக்கரை முழுக்கச் சிரிப்பு; வெள்ளையன் அதிகமாகச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் கவலை வந்தது. உத்தரம் ஏரிக்குள் கிடக்கிறது, ஆழத்தில் இறங்க அங்கே யாருக்கும் பழக்கமில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கயிற்று நுனியோடு பாய்ந்தான். மேலே வந்தபோது கயிறு மரத்தில் கட்டியாயிற்று. “தண்ணி இனிக்குதுடி” என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கரையேறாமல் இன்னும் ஒரு சுற்று நீந்தினான்.

மலைவேம்பு எங்கே என்றால், வெள்ளத்தில் போன ஓடைப் பாலத்துக்குப் பதிலாக அதைத்தான் நாலாக அறுத்துப் போட்டிருந்தார்கள். காளியம்மா ஒரே பேச்சில் முடித்தார்: ஆச்சா ஓடைக்கு, வேம்பு தம்பிக்கு, உத்தரத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். பொழுது சாய்வதற்குள் பாலம் மாறிவிட்டது. அண்ணன் நாலு வேம்பையும் சேர்த்துக் கட்டி ஏரியில் விட்டு, ஒரு மூங்கிலால் தள்ளிக்கொண்டு அக்கரை போய் வந்தான். காளியம்மாவும் ஏறிக்கொண்டார். வெள்ளையன் கால் வலி என்று தப்பித்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: வளைவுகளுக்குப் புளிப்பாக ஏதாவது கையில் வைத்திருங்கள். அருவி ஜமுனாமரத்தூருக்குப் பக்கம்தான்; மழை முடிந்த தையிலும் மாசியிலும் போனால் அதில் தண்ணீர் இருக்கும். சாமைச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அந்த ஊருக்கு மழையாக வந்தது எங்கள் ஊருக்குப் புயலாக வந்தது. இதில் யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

மணியக்காரரிடம் மரத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு, மாட்டுவண்டியில் ஜமுனாமரத்தூர் வரை ஏற்றி வந்து, மறுநாள் பாஷா பாயின் லாரியிலேயே இறங்கினோம். புளி மூட்டைக்கு மேலே வேம்பு, வேம்புக்கு மேலே அண்ணன். அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, வாணியம்பாடிக்கு எப்போது வருகிறாய் என்று பாய் கேட்டார்.

“மேஸ்திரியாண்ட சொல்லிடுங்க பாய், நான் வர்ல. எனக்கு வேல இருக்குது” என்றான் அண்ணன்.