சித்தியும் சித்தப்பாவின் குடியும்

சித்தப்பாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு அப்போதுதான் கட்டியது போலப் பளிச்சென்று இருந்தது. இனிமேல் குடிப்பதில்லை என்று கோயிலில் சத்தியம் செய்து கட்டிக்கொண்ட கயிறு. ஓரிரு நாள் கழித்து ஒரு காலையில், டீ டம்ளரை வாங்க நீட்டிய அந்தக் கை நடுங்கியது. அப்படியே சரிந்தார். கைகால் வெட்டி இழுத்தது. தெருவே கூடிவிட்டது. சாமி குத்தம் என்றார்கள். யாரோ இரும்புச் சாவியை அவர் கையில் திணித்தார்கள். என் அம்மாவின் தங்கையான சித்தி மட்டும், “ஆட்டோவக் கூப்புடுங்க” என்று கத்தினாள்.

“தெனமும் குடிச்சுப் பழகுன உடம்பும்மா. சட்டுனு நிறுத்தினா இப்படி வலிப்பு வரும். ஆஸ்பத்திரியில வச்சு மருந்து கொடுத்துதான் நிறுத்தணும். குடியும் ஒரு வியாதிதான்” என்றார் டாக்டர்.

அதுவரை நாங்கள் எல்லோரும் அதைத் திமிர் என்றே நினைத்திருந்தோம். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வியாதின்னா மருந்து இருக்குதுல்ல டாக்டர், அது போதும்” என்றாள்.

சித்தப்பா பீங்கான் பொம்மைகள் செய்யும் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். சித்திக்கும் அங்கேதான் அச்சு வார்க்கும் வேலை. சூடு முழுதாக அடங்கும் முன்பே உள்ளே புகுந்து பொம்மைகளை இறக்க வேண்டும். வேலை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் சாராயக் கடைக்குப் போகும். போகாதவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன் இல்லை. முதலில் உடம்பு வலிக்காகக் குடித்தார், பிறகு தூக்கத்துக்காக. கடைசியில் கை நடுங்காமல் இருப்பதற்கே குடிக்க வேண்டியிருந்தது.

சிகிச்சை முடிந்து வந்தவர் சில மாதம் நன்றாக இருந்தார். தீபாவளியன்று உறவுக்காரர் ஒருவர் வற்புறுத்த, மறுபடியும் குடித்துவிட்டார். வீட்டுக்கு வர வெட்கப்பட்டு ஜங்ஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைத் தேடி நானும் சித்தியும் போனோம். சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். சித்தி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

“சக்கரை ஏறுனா டாக்டர்கிட்ட போறதில்லையா? அது மாதிரிதான் இதுவும். காலையில போவலாம். இப்ப எழுந்திரிங்க, வூட்டுக்கு.”

அந்த முறை அவள் மருந்தை மட்டும் நம்பவில்லை. மேஸ்திரியிடம் கெஞ்சிப் பேசி, சூளையிலிருந்து தன் பக்கத்திலேயே களிமண் கூழை அச்சில் ஊற்றும் வேலைக்கு அவரை மாற்றிக்கொண்டாள். சாயங்காலம் இருவரும் கடை இல்லாத தெரு வழியாகச் சுற்றி நடந்து வருவார்கள். நடக்கிற தூரம் கூடுதல்தான். ஆனால் அந்த நேரத்தில்தான் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படியே வருஷங்கள் போயின.

போன வருஷம் சித்தி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் சித்தப்பாவின் கையையும் வாயையுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரியம் முடிந்து உறவுகள் கிளம்பிய மறுநாள் காலை, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“குடிக்கலம்மா. ஆனா நேத்து சாயங்காலத்துலேந்து கடை ஞாபகமாவே இருக்குது. பயமா இருக்குது. குடிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டரப் பாத்துடலாம். கூட வரியா?”

பஸ் ஏறினோம். சித்தி போனதிலிருந்து அழாத மனிதர், ஊர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். நான் அவர் தோளில் கை வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய நர்ஸம்மா, கூட வந்திருப்பது யார் என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே சித்தப்பா சொன்னார்:

“எம் பொண்ணு.”