மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் கூடாரம்

கணவரைப் பிரிந்த பிறகு முதலியார்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருக்கிறேன். மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கூட வேலை செய்பவர்கள் கல்வராயன் மலைக்கு நடைபயணம் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி தங்குவதற்கு அவரவர் கூடாரத்தை அவரவரே சுமக்க வேண்டுமாம். என் முதுகு அதற்கு ஒத்துவராது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் நானே ஒன்று செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். மடித்தால் ஒரு புடவை எடைகூட இருக்காது.

பெயிண்ட் அடிக்கும்போது சாமான்கள் மேல் போர்த்துவார்களே, அந்த மாதிரித் தாள். கடைக்காரர் உடனே வெட்டிக் கொடுக்கவில்லை.

"எதுக்கும்மா இம்மாம் பெருசு?"

மழைக்கு என்றேன். அவர் என்னையும் என் பையையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தார்.

அறைக்குள் விரிக்க இடம் போதவில்லை. மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்கா துணி எடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது?"

"கூடாரம்க்கா. மலைக்குப் போறோம்."

"உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய தெரியுதே. இதுக்குள்ளயா படுக்கப்போற?"

"ஆமாக்கா."

தாளின் ஓரத்தை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "உனக்கு முன்ன இருந்தவனும் இப்பிடித்தான் பிளாஸ்டிக்கு வாங்கியாந்தான். கேட்டா ஊறுகா யாவாரம்னான். கடைசில பாத்தா, சாராயத்த பாக்கெட் போட்டு எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் அனுப்பினு இருந்திருக்கான். போலீசு வந்தப்பறந்தான் எங்களுக்கே தெரியும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தத் தாளில் ஓட்டை போட்டுக் கயிறு கோக்கக் கூடாது. காற்று இழுத்தால் அங்கிருந்தே கிழியும். மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்து, தாளை அதன்மேல் சுருக்கிப் பிடித்து, கல்லுக்குக் கீழே கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். ஓரங்களை மடித்து டேப் ஒட்டினேன். தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கும் துணிக்கொடிக் கம்பத்துக்கும் நடுவே கயிறு கட்டி, தாளை அதன்மேல் போட்டு, மூலைகளைச் செங்கற்களில் இழுத்துக் கட்டினேன். வெயிலும் காற்றும் தாங்குகிறதா பார்க்கலாம் என்று அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் ஒரு மூலையின் முடிச்சு நான் போட்டது இல்லை. நான் உருவுசுருக்குப் போடுவேன். இது பூக்காரர்கள் போடுவது போன்ற இரட்டை முடிச்சு. நான்தான் மறந்திருப்பேன் என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். மறுநாள் இன்னொரு மூலையும் அப்படியே இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர்மேல்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார். என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மொட்டைமாடிச் சாவி இன்னொன்று அவரிடம் உண்டு. நான் இல்லாத நேரத்தில் அங்கே என்ன செய்கிறார்? உள்ளாடைகளை மாடியில் காயப்போடுவதை நிறுத்தினேன். என் அறைக்கு இரண்டாவது தாழ்ப்பாள் வைத்தேன். ரெட்டியார்பாளையத்தில் வேறு வீடு கிடைக்குமா என்றுகூடக் கேட்டு வைத்தேன்.

ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் வந்தேன். மாடிக் கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

கூடாரத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது அக்கா. ஒரு கையில் முடிச்சை நெம்பிய ஊக்கு, மறு கையில் என் கூழாங்கல்.

"அக்கா!"

அவர் பதறவில்லை. கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலயும் கல்லுதான் இருக்குது" என்றார்.

"பின்ன இன்னா இருக்கும்னு நெனச்சீங்க?"

"தெரியலியே. சின்னச் சின்னதா பொட்டலம் மாரி கட்டி வெச்சிருந்த. இந்தக் காலத்துல இன்னான்னமோ விக்கிறாங்க. ஒண்டியா இருக்கிற, யாரு வர்றா போறான்னு எனுக்குத் தெரியுமா?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா உண்மையச் சொல்லுவியா?" என்றவர், சற்றுக் குரல் தாழ்த்தி, "அவுருகூட வேணாம்னாரு. அந்தப் பொண்ணு சாமானத் தொடாதடின்னு நேத்துகூட திட்டுனாரு" என்றார்.

கோபம் அக்காமேல் இருந்தது. கூச்சமோ அவருடைய வீட்டுக்காரரை நினைத்து. ஊக்கு குத்திய இடத்தில் தாள் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் எழுந்து கீழே போனார். நான் டேப் ஒட்டினேன்.

மலையில் முதல் ராத்திரியே மழை. ஒட்டிய இடத்தில் சொட்டியது; மற்றபடி நனையவில்லை. விடிந்தபோது என் மூச்சே தாளின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிந்து நெற்றியில் விழுந்தது. தலைக்கு மேலே மரக்கிளைகள் ஆடுவதைப் படுத்தபடியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் தாளைக் காயவைக்க மொட்டைமாடியில் விரித்தேன். படிக்கட்டில் செருமல் கேட்டது. அக்காவின் வீட்டுக்காரர், கடைசிப் படியில் நின்றபடி, "வரலாமாம்மா?" என்றார்.

"வாங்கண்ணா" என்றேன்.

அவர் தாளைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மழை தாங்குச்சா?"

"தாங்குச்சு."

தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். அவர் அங்கே நின்ற நேரம் முழுக்க நான் படிக்கட்டு வாசலை ஒட்டியேதான் நின்றிருந்தேன்.