போர்டில் நான் நாற்பத்தேழு

செய்தி எழுதுவது சுலபம். எழுதியதைச் சங்கரன்கோவிலை விட்டு வெளியே அனுப்புவதுதான் நிருபர் தொழில். கறுப்பு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்க "ஹலோ, ஹலோ" என்று கத்தியவர்களும், வெளியூருக்கு டிரங்கால் பதிந்துவிட்டுக் குளிக்கக்கூடப் போகாமல் மணி அடிக்குமா என்று உட்கார்ந்திருந்தவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள். ஒரே வித்தியாசம், உங்களுக்கு லைன் தராதவர் யாரோ ஒரு ஆபரேட்டர். எனக்கு லைன் தராதவள் என் மனைவி.

எஸ்தர் எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தாள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த ஊரில் யார் யாரோடு பேசுவதானாலும் அவள் கை ஒரு கம்பியை எடுத்து போர்டில் ஒரு துளையில் செருகியாக வேண்டும். வெளியூர் என்றால் சீட்டில் எழுதி வரிசையில் வைப்பாள். அவள் காலமான பிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் "தன்னலமற்ற சேவை" என்று பேசினார்கள். அந்தச் சேவையால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் நானும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஒரு பெயர்

பத்திரிகையின் சிபாரிசில் வீட்டுக்குப் போன் வந்தது. நம்பர் 47. வந்த வாரமே வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு குளம் உடைந்தது. ரிசீவரை எடுத்தேன். "நம்பர் என்ன சார்?" என்றாள் எஸ்தர். "எஸ்தர், நான்தான். திருநெல்வேலிக்கு அவசரமா ஒரு லைன் போடு" என்றேன். "பதிஞ்சிருக்கேன் சார். உங்களுக்கு முன்னால ஏழு பேர் இருக்காங்க." அவ்வளவுதான், லைன் போய்விட்டது. என் முறை வர இரண்டு மணி நேரம் ஆனது. நான் செய்தி சொல்லச் சொல்ல, குளத்துத் தண்ணீர் ஊருக்குள் நுழைகிற இடத்தில் அவள் குரல் குறுக்கே வந்தது: "மூணு நிமிஷம் ஆச்சு சார்."

அன்று சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாவது தோசையைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "வீட்டுலதான் நீங்க அத்தான். போர்டுல உங்க பேரு நாப்பத்தேழு."

காந்திக்கு மல்லிகை

பூ வியாபாரி மாடசாமி அண்ணாச்சிக்குக் காலையில் மதுரை விலை தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் மல்லிகையும் வாடும், அவரும் வாடுவார். எஸ்தரைக் கொஞ்சம் "கவனித்துக்கொண்டால்" லைன் முந்தும் என்று யாரோ சொல்லிக்கொடுக்க, ஒருநாள் நாலு முழம் மல்லிகையை வாழையிலையில் மடித்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்கே வந்துவிட்டார். அவள் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் மாட்டியிருந்த காந்தி படத்துக்கு நாலு முழத்தையும் சாத்தினாள். இறங்கி வந்து, "உங்க வரிசை அஞ்சு அண்ணாச்சி, பெஞ்சுல உக்காருங்க" என்றாள்.

மத்தியானம் டீக்கடையில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "காந்திக்கு நாலு முழம் மல்லி போட்டும் மதுரை கிடைக்கலையே வே. இதுக்கு வெள்ளைக்காரனே இருந்திருக்கலாம்."

பம்பாய் அண்ணன்

மேலநீலிதநல்லூரில் இருந்து ஒரு ஆட்டுக்காரர், பம்பாயில் ஓட்டல் வேலை பார்க்கும் அண்ணனோடு பேச வந்திருந்தார். தங்கைக்கு மாப்பிள்ளை பேசி முடித்த விஷயம் சொல்ல வேண்டும். லைன் கிடைத்தது, ஆனால் சத்தம் அவர் காதுக்கு எட்டவில்லை. இந்த மாதிரி நேரங்களில் ஆபரேட்டரே நடுவில் இருந்து இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்வதுண்டு. எஸ்தர் விஷயத்தைப் பம்பாய்க்குச் சொன்னாள். அங்கிருந்து வந்த பதிலைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. வீட்டுப் போன் பழுதாகி, என் முறைக்காக அங்கே பெஞ்சில் காத்திருந்த நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"தன்னைக் கலந்துக்காம முடிவு பண்ணினது வருத்தமா இருக்குன்னு சொல்லுதாரு" என்றாள். ஆட்டுக்காரர் தலையை ஆட்டினார். "அப்படின்னா இது வேற ஆளும்மா. எங்கண்ணன் இவ்வளவு மரியாதையாப் பேச மாட்டான். நம்பரைச் சரியாப் பாருங்க."

எஸ்தர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, அவர் சொன்னதை அப்படியே சொல்லுதேன். 'ஏலே கூறுகெட்ட பயலே, ஒனக்கு எவம்லே அதிகாரம் குடுத்தது? நேர்ல வந்தேன்னா தோலை உரிச்சிருவேன்.'" அரசாங்க அறிவிப்பு வாசிக்கிற குரலிலேயே வாசித்தாள். ஆட்டுக்காரர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அவனேதாம்மா! எங்கண்ணன் நல்லா இருக்கான், ஒரு கொறையும் இல்ல!"

தபசன்று

எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழா நாள். ஊரில் கால் வைக்க இடமில்லை. போட்டிப் பத்திரிகை நிருபர் சுப்பையாவின் சீட்டு எனக்கு ஒரு சீட்டு முன்னால் இருந்தது. ஒரே ஒரு சீட்டு. அவர் பேசி முடித்தார். அதோடு திருநெல்வேலி லைன் செத்துப்போனது. மறுநாள் அவர் பத்திரிகையில் முதல் பக்கத்தில் தபசுக் காட்சி. எங்கள் பத்திரிகையில் தக்காளி விலை. தன் பத்திரிகையையும் கையில் எடுத்துக்கொண்டு காலையிலேயே என் வீட்டுக்கு வந்தார் மனுஷன். எஸ்தர் கொடுத்த காப்பியை ரசித்துக் குடித்தார். இரண்டாவது டம்ளருக்கும் கை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒம்ம வீட்டம்மா உத்தியோகத்துல இருக்க மட்டும் என் வேலைக்கு ஆபத்து இல்லவே."

மிச்சமிருந்த ரவை

ஊரில் நடப்பதெல்லாம் எஸ்தர் காது வழியாகத்தான் போகும். லைன் சரியாக விழுந்ததா என்று கவனிக்கும்போது நாலு வார்த்தை காதில் விழத்தானே செய்யும். எந்த அதிகாரிக்கு மாற்றல், எந்த மந்திரி வருகிறார் எல்லாம் அவளுக்குத் தெரியும். நான் நாள் முழுக்க வெயிலில் அலைந்து பொறுக்குகிற செய்தி, எனக்குக் குழம்பு ஊற்றுகிறவளிடம் முழுசாக இருக்கும். கேட்டால், "உப்பு போதுமா?" என்பாள்.

எங்கள் மகள் பியூலா எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருடம். ரிசல்ட் அன்று மத்தியானம் எஸ்தர் சாப்பிட வந்தவள், நேராக அடுப்படிக்குப் போய் முந்திரி போட்டுக் கேசரி கிண்டினாள். என்ன விசேஷம் என்று கேட்டேன். "ரவை மிச்சம் இருந்துச்சு, வண்டு விழுந்துரும்" என்றாள். பியூலா பயத்தில் ஒரு வாய்கூடத் தொடவில்லை. நான்கு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பட்டியல் ஒட்டினார்கள். பள்ளியிலேயே முதல் மாணவி அவள்தான்.

ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அம்மா, உங்களுக்கு முன்னமே தெரியுமா?" "பத்து மணிக்கே தெரியும்." "ஏம்மா சொல்லல?" "அது ஒங்க ஹெட்மிஸ்ட்ரஸுக்கு வந்த கால், மக்கா. எனக்கு வந்ததில்ல." பியூலா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கல்லாம் என்னப்பா நிருபர்? நம்ம வீட்டுல என்னைக்கு ரவை மிச்சம் இருந்துச்சு?"

ஆறு பேர்

எஸ்தருக்கு வந்த நோய்க்குப் பாளையங்கோட்டையில் மூன்று மாதம் பார்த்தோம். வீட்டுக்குக் கூட்டி வந்த நாலாம் நாள், காலை எட்டு மணிக்குப் போய்விட்டாள். செய்தி அவ்வளவுதான்.

பியூலா அப்போது மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அடக்கம். மத்தியானத்துக்குள் தகவல் சொன்னால் சாயங்கால ரயிலைப் பிடித்துவிடுவாள், அம்மா முகத்தைப் பார்ப்பாள். தந்தியை நம்ப முடியாது. அன்றைக்கென்று பெரிய முகூர்த்த நாள், பதிந்த காலெல்லாம் அர்ஜென்ட். ரிசீவரை எடுத்தேன். எஸ்தர் வேலை பழக்கிய வள்ளி என்ற பெண் போர்டில் இருந்தாள். "நாப்பத்தேழு பேசுதேன் வள்ளி" என்று விஷயத்தைச் சொன்னேன். "மெட்ராஸுக்கு வரிசை எத்தனை?" என்று கேட்டேன். "ஆறு பேர் இருக்காவ. அது கெடக்கட்டும் அண்ணாச்சி. இப்பவே போடுதேன்."

பதினெட்டு வருடம் நான் கெஞ்சியும் கிடைக்காத வார்த்தை அது. அடுத்த அறைக் கதவு திறந்திருந்தது. எஸ்தர் அங்கேதான் படுத்திருந்தாள். "வேண்டாம் தாயி. ஏழாவதாப் போடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கணக்குப் போட்டேன். ஆறு பேர் என்றால் சாயங்காலம் ஆகிவிடும். பெற்றவள் முகம் பார்க்காமல் போனால் மகளுக்கு என்ன பதில் சொல்வேன்? ஆனாலும் மறுபடி ரிசீவரை எடுக்கக் கை போகவில்லை.

பத்தாவது நிமிடம் மணி அடித்தது. பியூலாதான். சொன்னேன். அவள் அழுதாள், நான் ரயில் நேரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நடுவில் வள்ளியின் குரல், அதுவும் அழுதுகொண்டே, வந்தது: "மூணு நிமிஷம் ஆச்சு சார். நீட்டிக்கவா?"

மறுநாள் விடியவும் பியூலா வந்து சேர்ந்துவிட்டாள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தை ஆசைதீரப் பார்த்தாள். அடக்கத்துக்கு வந்த வள்ளியை நான் தனியே கூப்பிட்டேன். "நான் அவ்வளவு சொல்லியும் வரிசையை மாத்திட்டியே தாயி?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். எஸ்தர் நிற்பதைப் போலவே இருந்தது.

"அக்கா மேல சத்தியமா மாத்தல அண்ணாச்சி. ஆறு பேருக்கும் போன் போட்டு விஷயத்தை மட்டும் சொன்னேன். முகூர்த்தப் பூவுக்காக மெட்ராஸ் பதிஞ்சிருந்த மாடசாமி அண்ணாச்சிதான் மொதல்ல கேன்சல் பண்ணச் சொன்னாவ, பொறவு அஞ்சு பேரும் சொல்லிட்டாவ. நாப்பத்தேழுக்கு முன்னால யாருமே இல்ல."

டிரங்கால் சீக்கிரம் கிடைக்க வழி கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருடம் ஒழுங்காக வரிசையில் நில்லுங்கள்.