தாலி கட்டும் நேரத்தில் மரத்துப்போன விரல்கள்

பிள்ளைகளே, எங்கள் கல்யாணத்தன்று கலர் சோடா பாட்டில்களைக் குளிரவைக்க அருப்புக்கோட்டையிலிருந்து ஐஸ்கட்டி வந்தது. சுற்றியிருந்த சாக்கு நழுவியதால், வெறுங்கையால் நானே அதை அணைத்துத் தூக்கி வந்தேன்.

“ஏலே மாப்ளே, தாலி கட்டப் போறியா, லோடு இறக்கப் போறியா?” என்று என் மாமன் கேலி செய்தார்.

உடனே மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். வெளுத்துப்போன விரல்களில் தாலிக்கயிறு இருப்பதே தெரியவில்லை. பயந்துபோய் ஓமத்தீயில் கையைக் காட்டினேன். சூடு உறைக்கவில்லை; இன்னும் கிட்டே கொண்டுபோனேன். திடீரென்று விரலெல்லாம் ஊசி குத்தியதுபோல எரிந்தது. கண்ணீர் கொட்டியது.

அருகில் இருந்த உங்கள் அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. “இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிருங்க,” என்றாள் மெதுவாக.

“ஐயோ, அதில்ல. ஐஸ்ஸத் தூக்குனேன், கை எரியுது.”

“ஐஸ்ஸு எப்பிடிங்க எரியும்?”

எனக்கும் தெரியவில்லையே! அதற்குள் கெட்டிமேளம் முழங்கியது. எரியும் கையாலேயே முடிச்சுப் போட்டேன். விரல் பட்டதும் அவள் கழுத்து சிலிர்த்தது. “ஆத்தாடி, என்னா குளிரு!” என்று சிரித்துவிட்டாள்.

எனக்கு எரிந்த விரல் அவளுக்கு எப்படிக் குளிர்ந்தது? இன்றும் குழப்பம்தான். ஆனால், யாருடைய கண்ணீரைப் பார்த்தும் நானாக எதையும் முடிவு செய்வதில்லை. அன்று அவள் கேட்டதுபோல, என்னவென்று நேராகக் கேட்டுவிடுகிறேன்.