வேண்டாம் என்ற ஆண்டகை

ஒரு காலில் செருப்பை மாட்டியதும் எங்கள் பேராயர் வால்ராம் ஆண்டகை அப்படியே நின்றுவிடுவார். மற்றதைக் கையில் பிடித்தபடி அவருடைய பணியாள் நான் கீழே குந்தியிருப்பேன்.

"தித்மார், ஒத்தச் செருப்புப் போட்டவன் செருப்புப் போட்டவனா, போடாதவனா?"

"கோயில்ல சனம் காத்துக்கிட்டு இருக்கு சாமி. காலைக் குடுங்க."

"அது பதில் இல்லையே" என்பார். பேராலயத்தில் மெழுகுவர்த்திகள் பாதி உருகியிருக்கும்.

மடத்துப் பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவர். இறகுப் பேனாவைச் சப்பிச் சப்பி உதடெல்லாம் மைக்கறை. ஆட்டுப் பாலாடைக்கட்டி என்றால் உயிர். நாய் என்றால் பயம், குதிரை என்றால் பயம், உரக்கப் பேசுகிறவர்கள் என்றாலும் பயம். பேராயர் ஆக வேண்டும் என்று கனவில்கூட நினைத்தவரில்லை.

பழைய பேராயர் இறந்ததும், அந்த வட்டாரத்துப் பிரபு தன் மைத்துனனை அந்த இருக்கையில் அமர்த்தப் பார்த்தார். மைத்துனனுக்கு வேட்டை தெரியும், செபம் தெரியாது. அவன் வந்தால் பேராயர் வசமிருந்த ஆற்றுத் துறையும் மாவு ஆலையும் பிரபுவின் கைக்குப் போய்விடும் என்று ஊர் கலங்கியது. குருமார்கள் அவசரமாகக் கூடி வால்ராமைத் தேர்ந்தெடுத்தார்கள். சேதி கேட்ட மனிதர் ஓடி ஒளிந்துகொண்டார்.

மடம் முழுக்கத் தேடினோம். மூத்த குரு கெரோ மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று ஒரு லத்தீன் செபத்தை, வேண்டுமென்றே இலக்கணப் பிழையோடு, உரக்கச் சொன்னார். பதில் இல்லை. மறுபடி சொன்னார், இன்னும் மோசமாக.

"நாலாம் வேற்றுமைடா, கழுதை" என்றது வைக்கோல் போர்.

ஏணி வைத்து இறக்கினோம்.

பேராலயத்தில் மூன்று முறை சம்மதம் கேட்பார்கள். தாழ்மைக்காக இரண்டு முறை மறுப்பது வழக்கம். "எனக்கு வேண்டாம்" என்றார். சனங்கள் மகிழ்ந்தார்கள். "நெசமாத்தான் சொல்றேன், வேண்டாம்." மீன் விற்கும் பெர்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்: "எம்புட்டு அடக்கம் பாரு." மூன்றாம் முறை தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். புனிதரேதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. தூணைப் பிடித்திருந்தவர் தலையிலேயே மகுடத்தை வைத்தார்கள்.

சில நாளில் குதிரை வீரர்களோடு பிரபு வந்து நின்றார். ஆண்டகை கோட்டை வாசலுக்கு வெளியே போனார். நானும் போனேன்.

"இந்த ஊரு என்னுது. கதவைத் தொற" என்றார் பிரபு.

"எது ஊரு? மதிலா, மனுசங்களா?"

"ரெண்டும்தான்."

"அப்ப மதில் இடிஞ்சா பாதி ஊருதானா?"

பிரபு யோசித்தார். அங்கேதான் அவர் கெட்டார். மழை பிடித்துக்கொண்டது. விவாதம் ஊரிலிருந்து மதிலுக்கும், மதிலிலிருந்து கல்லுக்கும் போயிற்று. கூட வந்திருந்த மைத்துனன், "மச்சான், அவர் கேக்கறதுல ஞாயம் இருக்குல்ல?" என்றான். நனைந்த வீரர்கள் ஒவ்வொருவராகக் குளிர் காய நழுவினார்கள். பொழுது சாயும்போது பிரபு, "யோசிச்சுட்டு வர்றேன்" என்று குதிரையைத் திருப்பினார். இன்னும் வரவில்லை. வாத்தியார் ஒருவரை வைத்துப் பாடம் கேட்கிறாராம்.

மதில்மேல் நின்ற ஊர் ஆர்ப்பரித்தது. ஆண்டகை நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே போகலாம் என்று நான் நகர்ந்தபோது இடுப்பில் ஏதோ இழுத்தது. தன் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, ஆண்டகை என் அங்கியின் நுனியை விரல்கள் வெளுக்கும்படி சுற்றிப் பிடித்திருந்தார். அறைக்குப் போகும்வரை விடவே இல்லை.